பைபிள் காலண்டர் எப்படி ஓடுது? பிறை, வாற்கோதுமை (பார்லி), பண்டிகை தேதி பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

2024-ல ஈஸ்டர் மார்ச் 31-ஆம் தேதியே வந்துடுச்சு. எகிப்துல இருந்து விடுதலையானதை யூதர்கள் கொண்டாடற பஸ்கா பண்டிகை ஏப்ரல் 22 சாயங்காலம்தான் ஆரம்பிச்சுது. "பஸ்கா முடிஞ்சு மூணாம் நாள்தானே உயிர்த்தெழுதல், இங்க என்னடான்னா உயிர்த்தெழுந்து மூணு வாரம் கழிச்சு பஸ்கா வருது, இது என்ன கணக்கு தம்பி?"னு எங்க பைபிள் ஸ்டடியில ஒரு அக்கா கேட்டாங்க. அன்னைக்கு பதில் தெரியாம மழுப்பிட்டேன். அப்புறம் உக்காந்து படிச்சேன், படிச்சதை சொல்ல ஆரம்பிச்சதும் ஒண்ணு போனா ஒண்ணா கேள்வி வந்துகிட்டே இருக்கு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன்.

இது சூரியக் கணக்கா, சந்திரக் கணக்கா?

ரெண்டும் கலந்தது. மாசத்துக்கு நிலா, வருஷத்துக்கு பருவம். நமக்கு இது புரியறது ஈஸி, ஏன்னா மூணு ரகக் காலண்டரும் நம்ம தெருவுலயே ஓடுது. தமிழ் மாசம் முழுக்க சூரியன், மேஷ ராசிக்குள்ள சூரியன் வந்தா சித்திரை, அதனால வருஷப்பிறப்பு ஏப்ரல் 14 பக்கத்துலயே நிக்கும். முஸ்லிம்களோட மாசம் முழுக்க பிறை, அதனால ரம்ஜான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி வந்து வெயில் காலம் மழைக்காலம் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு சுத்திடும். தெலுங்குக்காரங்க பஞ்சாங்கத்துல மாசம் நிலாவோட போகும், ரொம்ப முன்னாடி ஓடிடுச்சுன்னா நடுவுல ஒரு அதிக மாசத்தைப் போட்டு இழுத்துப் பிடிச்சிடுவாங்க. பைபிள்ல வர்ற எபிரெயக் காலண்டர் இந்த மூணாவது ரகம்.

தீபாவளியைப் பாருங்க, 2024-ல அக்டோபர் 31, 2025-ல அக்டோபர் 20, 2026-ல நவம்பர் 8. முன்னாடி வந்துட்டு திடீர்னு பின்னாடி ஒரே தாவா தாவுதுல்ல? பஸ்காவும் அதே மாதிரிதான் தாவும்.

மாசம் எந்த நாள் பொறக்கும்? அமாவாசை அன்னைக்கா?

இங்கதான் நம்ம தமிழ் பைபிள் கொஞ்சம் குழப்பி விட்டுடுது. எபிரெயத்துல ஒரே சொல், கோதேஷ். 'புதுசு'ங்கற வேர்ல இருந்து வந்தது, புது நிலா நாளுக்கும் அதே பேர், மாசத்துக்கும் அதே பேர். நம்ம மொழிபெயர்ப்புல சில இடத்துல 'மாதப்பிறப்பு'ன்னு போட்டிருக்காங்க (சங்கீதம் 81:3), சில இடத்துல 'அமாவாசி'ன்னு போட்டிருக்காங்க. தாவீது யோனத்தான்கிட்ட "நாளைக்கு அமாவாசி"ன்னு சொல்றது 1 சாமுவேல் 20-ல. சூனேம் ஊர்க்காரியோட புருஷன் "இன்னைக்கு அமாவாசியும் இல்ல ஓய்வுநாளும் இல்ல, எதுக்கு தீர்க்கதரிசிகிட்ட போற"ன்னு கேக்கறது 2 இராஜாக்கள் 4-ல. படிக்கறவங்க மனசுல உடனே நம்ம ஊர் அமாவாசை வந்துடுது, கும்மிருட்டு, காக்காவுக்கு சோறு, தர்ப்பணம். அது வேற, இது வேற. நமக்கு அமாவாசைன்னா நிலா மறையற நாள். அவங்க கொண்டாடினது நிலா மறுபடி தெரியற நாள், அதாவது அமாவாசை கழிஞ்சு மேக்கால சூரியன் மறைஞ்ச கையோட மெல்லிசா ஒரு கீத்து தெரியுதே, அந்த சாயங்காலம்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், "பிறையைப் பார்த்து மாசத்தைத் தொடங்கு"ன்னு பைபிள்ல நேரா ஒரு வசனம் கிடையாது. பிறை பாக்கற முறையெல்லாம் விவரமா வர்றது மிஷ்னாவுல, அதாவது கி.பி. 200 வாக்குல தொகுத்த யூத சட்டத் தொகுப்புல. அதுக்கு முன்னாடி சாலொமோன் காலத்துல அப்படியே இதே மாதிரிதான் நடந்துச்சான்னு யாராவது அடிச்சு சொன்னா நம்பாதீங்க.

ஒரு பிறையில இருந்து அடுத்த பிறைக்கு சராசரி 29.53 நாள். அரை நாள் எடுத்து வைக்க முடியாதுல்ல, அதனால மாசம் ஒண்ணு 29 நாளா இருக்கும் இல்ல 30 நாளா இருக்கும், 28-ம் கிடையாது 31-ம் கிடையாது. 29 முடிஞ்ச சாயங்காலம் பிறை தெரிஞ்சா அடுத்த நாள் ஒண்ணாந்தேதி. தெரியலன்னா அது 30, அதுக்கு அடுத்த நாள் யாரும் பாக்கவே வேணாம், தானா ஒண்ணாந்தேதி. மேகம் மூடிக்கிச்சுன்னாகூட கணக்கு ஒரு நாளைக்கு மேல தப்பாது.

பிறையை யார் பாக்கணும்? யார் முடிவு பண்ணுவாங்க?

எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ரெண்டு சாட்சி வேணும். பிறையைப் பாத்தவங்க எருசலேமுக்கு வரணும், அதுக்காக ஓய்வுநாள்ல (சனிக்கிழமை) இவ்வளவு தூரம்தான் போகலாம்ங்கற கட்டுப்பாட்டைக்கூட மீறலாம். பேத் யாசேக்னு ஒரு பெரிய முற்றம், அங்கதான் எல்லாரும் வந்து சேருவாங்க, வர்றவங்களுக்கு நல்ல விருந்து போடுவாங்களாம், அடுத்த மாசமும் ஆசையா ஓடி வரணும்ல! அப்புறம் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரணை. சூரியனுக்கு வடக்கே இருந்துச்சா தெக்கேயா, எவ்வளவு உசரம், எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு, எவ்வளவு அகலம். கமாலியேல்னு ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, மாடி ரூம்ல பலகையிலயும் சுவத்துலயும் நிலா படமா வரைஞ்சு மாட்டி வச்சிருந்தாராம், படிக்காத ஆளு வந்தா "இப்படி இருந்துச்சா, இல்ல இந்த மாதிரியா?"ன்னு விரலை வச்சுக் காட்டிக் கேப்பார். ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப்போனா நீதிமன்றத் தலைவர் "மெகுதாஷ்"னு சொல்லுவார், பரிசுத்தமாச்சுன்னு அர்த்தம், கூடி நிக்கற ஜனம் பூரா "மெகுதாஷ், மெகுதாஷ்"னு திருப்பிச் சொல்லும். அந்த வார்த்தை சொன்னாத்தான் மாசம் பொறக்கும்.

யார் சாட்சி சொல்லக் கூடாதுன்னும் ஒரு லிஸ்ட் இருக்கு. சூதாடறவன், வட்டிக்கு விடறவன், புறா விடறவன். ஆமா, புறா பந்தயம்தான், நம்ம வடசென்னையில நடக்குதே அந்த மாதிரி.

பொய் சாட்சியும் வந்திருக்கு. பெந்தெகொஸ்தே பண்டிகைக் கணக்குல பரிசேயர்ங்கற யூத மதப்பிரிவோட முட்டிகிட்ட ஒரு கோஷ்டி, போயெத்தூசியர்னு பேர், மாசம் தங்களுக்குத் தோதா பொறக்கணும்னு ரெண்டு பேரைக் காசு குடுத்து செட்டப் பண்ணாங்க. அதுல ஒருத்தன் போய் நின்னு என்ன சொன்னான் தெரியுமா, "மாலே அதும்மீம் ஏத்தத்துல ஏறி வந்துகிட்டிருந்தேன், ரெண்டு பாறைக்கு நடுவுல நிலா பதுங்கி உக்காந்திருந்துச்சு, தலை கன்னுக்குட்டி மாதிரி, காது ஆட்டுக்குட்டி மாதிரி, கொம்பு மான் மாதிரி, வாலைத் தொடை நடுவுல சொருகி வச்சிருந்துச்சு, பாத்ததும் பயந்து மல்லாக்க விழுந்துட்டேன், நம்பலன்னா பாருங்க, 200 சூஸ் காசு வேட்டியில முடிஞ்சு வச்சிருக்கேன்"ன்னான். வேணும்னே உளறிக் காட்டிக் குடுத்துட்டான். மிஷ்னாவுக்கு ரபிமார் பின்னால எழுதின விளக்கமான தால்முத்துல இருக்கற கதை இது, இதைப் படிச்சுட்டு தனியா உக்காந்து சிரிச்சேன்.

மாசம் பொறந்தாச்சுன்னு ஊருக்குச் சொல்றதுக்கு நெருப்பு. நீளமான கேதுரு கழி, நாணல், சணல் கூளம் எல்லாத்தையும் சேத்துக் கட்டி, ஒலிவ மலை உச்சியில ஏறிக் கொளுத்தி, மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் ஆட்டிகிட்டே இருக்கணும், அடுத்த மலைமேல நிக்கறவன் அதே மாதிரி ஆட்டற வரைக்கும். அங்கிருந்து சர்தபா மலை, அங்கிருந்து அடுத்தது, இப்படியே பாபிலோன் பக்கம் வரைக்கும். சமாரியர்கள் தப்பான ராத்திரியில நெருப்பு கொளுத்தி ஏமாத்த ஆரம்பிச்சதும் அதை நிப்பாட்டிட்டு ஆள் அனுப்ப ஆரம்பிச்சாங்க. ஆள் போய்ச் சேர நாளாகும், தூரத்து ஊர்க்காரங்களுக்கு ஒண்ணாந்தேதி எதுன்னே தெரியாது, அதனால பண்டிகையை ரெண்டு நாளா கொண்டாடிட்டாங்க. இஸ்ரவேலுக்கு வெளிய இருக்கற யூதர்கள் நிறைய பேர் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் ரெண்டு நாள்.

நீதிமன்றம் தப்பா முடிவு பண்ணிட்டா?

பண்ணினாலும் அதுதான் செல்லும்! ஒரு தடவை ரெண்டு பேர் வந்து பிறை பாத்தோம்னாங்க, ஆனா அடுத்த ராத்திரி நிலாவையே காணோம். கமாலியேல் ரபி அந்த சாட்சியை ஏத்துகிட்டார். தோசா ரபி சும்மா இருக்கல, "இவங்க பொய் சாட்சி, நேத்து பிள்ளை பெத்தான்னு சொல்றீங்க, இன்னைக்கு வயிறு இவ்வளவு பெருசா நிக்குதே"ன்னார். யோசுவா ரபியும் அவர் பக்கம். உடனே கமாலியேல் கிட்டேயிருந்து உத்தரவு வருது: உன் கணக்குல எந்த நாள் பாவநிவாரண நாளோ, அந்த நாள்ல கையில தடியும் பணமும் எடுத்துகிட்டு என்கிட்ட வரணும். வருஷத்துலயே பரிசுத்தமான நாள், அன்னைக்கு தடியும் காசும் தொட்டாலே குத்தம். யோசுவா நொந்துபோய்ட்டார். அப்போ அகிபா ரபி லேவியராகமம் 23:4-ஐ எடுத்துக் காட்டினார், 'நீங்கள் கூறி அறிவிக்கிற' பண்டிகைகள்னு இருக்கு பாருங்க, சரியான நேரமோ தப்பான நேரமோ நீங்க அறிவிச்சாத்தான் அது பண்டிகைன்னார். யோசுவா தடியை எடுத்துகிட்டு கமாலியேல் இருந்த யாவ்னே ஊருக்குப் போனார். கமாலியேல் எந்திரிச்சு வந்து அவர் தலையில முத்தம் குடுத்து, "வாங்க என் குருவே, என் சிஷ்யரே, அறிவுல குரு, என் பேச்சை ஏத்துகிட்டதால சிஷ்யர்"ன்னார்.

இது புரிஞ்சா மீதியெல்லாம் புரிஞ்சுடும். அந்தக் காலத்துல சுவத்துல மாட்டின காலண்டரைப் பாத்து தேதி தெரிஞ்சுக்கல, யாரோ ஒருத்தர் வானத்தைப் பாத்தார், யாரோ ஒருத்தர் அறிவிச்சார், அப்புறம்தான் தேதி. "கி.மு. இத்தனையாம் வருஷம் நிசான் 14 (பஸ்கா தேதி) இந்தக் கிழமை, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டோம்"னு வர்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டெல்லாம் எனக்கு நம்பிக்கை வராததுக்கு இதான் காரணம். நிலா எங்க இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லும், அன்னைக்கு மேகம் இருந்துச்சான்னும் யார் என்ன அறிவிச்சாங்கன்னும் அதுக்கு எப்படித் தெரியும்?

நாள் எப்போ ஆரம்பிக்குது?

சாயங்காலம். பாவநிவாரண நாளைப் பத்தி சொல்லும்போது சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரைன்னு லேவியராகமம் 23:32-ல தெளிவா இருக்கு. அதான் யூதர் பண்டிகை எதுவா இருந்தாலும் நம்ம டேட்ல ஒரு நாள் முந்தி சாயங்காலமே ஆரம்பிச்சுடும்.

மாசத்துக்கு நம்பர் இருக்கு, ஆபிப்னு பேர் இருக்கு, நிசான்னும் இருக்கு. எது சரி?

எல்லாமே சரி, காலம்தான் வேற வேற. பழைய கானானியப் பேர்ல பைபிள்ல நாலே நாலுதான் தங்கியிருக்கு: ஆபிப், சீப், ஏத்தானீம், பூல். கடைசி மூணும் சாலொமோன் ஆலயம் கட்டின கதையில மட்டும் வருது, 1 இராஜாக்கள் 6, 8 அதிகாரம். பெரும்பாலும் முதலாம் மாதம், ஏழாம் மாதம்னு நம்பர்தான். பாபிலோனுக்கு சிறைப்பட்டுப் போய்த் திரும்பி வந்தப்போ பாபிலோன் பேரையும் கூடவே கொண்டு வந்துட்டாங்க, நிசான், சீவான், ஏலூல், கிஸ்லே, தேபேத், சேபாத், ஆதார். நெகேமியா, எஸ்தர், சகரியா இதுலெல்லாம் பாக்கலாம். இதை யூதர்களே மறைக்கல, பேரெல்லாம் பாபிலோன்ல இருந்து வந்ததுன்னு எருசலேம் தால்முத்லயே எழுதி வச்சிருக்காங்க. நாலாம் மாசத்துக்கு இன்னைக்கு வரைக்கும் தம்மூஸ்னு பேர். எசேக்கியேல் 8:14-ல ஆலய வாசல்ல பொம்பளைங்க உக்காந்து அழுவாங்களே, அதே தம்மூஸ் சாமிதான்!

நம்பர் எப்பவும் வசந்தத்துல இருந்துதான் எண்ணுவாங்க. எரேமியா 36-ல யோயாக்கீம் ராஜா குளிர்கால வீட்டுல உக்காந்திருக்கான், ஒன்பதாம் மாசம், முன்னாடி கணப்பு எரியுது, சுருளை வாசிக்க வாசிக்கக் கத்தியால அறுத்து அறுத்து நெருப்புல போடறான். ஒன்பதாம் மாசம்னா டிசம்பர் வாக்குல, அதான் கணப்பு. எஸ்றா 10-லயும் அதே ஒன்பதாம் மாசம் 20-ஆம் தேதி, ஜனமெல்லாம் ஆலயத்துக்கு முன்னாடி வீதியில அடைமழையில நடுங்கிகிட்டு உக்காந்திருக்காங்க.

12 மாசம் சேத்தா 354 நாள்தானே வருது, மீதி 11 நாள் எங்க?

அதான் பிரச்சனையே. அப்படியே விட்டா மூணு வருஷத்துல பஸ்கா ஒரு மாசம் முன்னாடி போய்டும், பதினாறு பதினேழு வருஷத்துல வசந்தத்துல வரவேண்டியது இலையுதிர் காலத்துக்குப் போய் நிக்கும். ஆனா "ஆபிப் மாதத்தைக் கவனி"ன்னு உபாகமம் 16:1 சொல்லுது. ஆபிப்னா வெறும் பேர் இல்ல, அது பயிரோட ஒரு நிலை. எகிப்துல கல்மழை பெஞ்சப்போ வாற்கோதுமை கதிர் விட்டிருந்ததால அழிஞ்சுபோச்சுன்னு யாத்திராகமம் 9:31-ல வருதே, அங்க 'கதிர்'ங்கறதுக்கு எபிரெயத்துல இருக்கற சொல்லே ஆபிப்தான். மணி பிடிச்சிருக்கும் ஆனா முழுசா காஞ்சு முத்தியிருக்காது, நம்ம ஊர்ல கதிர் பால் பிடிச்சு பச்சையும் மஞ்சளுமா நிக்குமே, அதுக்கும் கொஞ்சம் மேல, நெருப்புல வாட்டித் தின்னலாம். பஸ்கா வாரத்துல ஆசாரியன் முதல் கதிர்க்கட்டை அசைவாட்டணும், அதாவது கடவுளுக்கு முன்னாடி ஆட்டிப் படைக்கணும். வயல்ல கதிரே இல்லன்னா எதை அசைவாட்டறது?

அதனால 12-ஆவது மாசமான ஆதார் கடைசியில வயலைப் பாப்பாங்க. பயிர் பிஞ்சா இருந்தா இன்னொரு ஆதார், அதாவது 13-ஆவது மாசம். பின்னால வந்த ரபிமார் மூணு அடையாளம் வச்சிருந்தாங்க, வாற்கோதுமை, மரத்துப் பழம், பகலும் ராவும் சமமா வர்ற நாள். மூணுல ரெண்டு பிந்திப் போச்சுன்னா மாசம் சேத்துடுவாங்க. கமாலியேல் யோகனான்னு ஒரு எழுத்தரை உக்கார வச்சு பாபிலோன் யூதர்களுக்கு எழுதின கடிதம் தால்முத்ல இருக்கு, புறாக்குஞ்சு இன்னும் இளசா இருக்கு, ஆட்டுக்குட்டி மெலிஞ்சு கிடக்கு, ஆபிப் காலம் வரல, அதனால எனக்கும் என் கூட இருக்கறவங்களுக்கும் நல்லதா பட்டதால இந்த வருஷத்துல 30 நாள் சேத்திருக்கேன்னு. ஒரு விவசாயி அண்ணன் தம்பிக்கு லெட்டர் போட்ட மாதிரி இருக்கும். புறாவும் ஆட்டுக்குட்டியும் எதுக்குன்னா ரெண்டுமே பலிக்கு வேணும்.

13-ஆவது மாசம் பைபிள்ல எந்த வசனத்துல இருக்கு?

எங்கயும் இல்ல. சாலொமோனுக்கு மாசத்துக்கு ஒருத்தரா 12 அதிகாரிங்க ராஜாவுக்கு சாப்பாடு ஏற்பாடு பண்ணாங்க (1 இராஜாக்கள் 4:7), 13-ஆவது மாசம் வந்தா யார் பாத்துக்கறதுன்னு அங்கயும் சொல்லல. ஆனா பஸ்கா நிலாவோடயும் போகணும் அறுப்போடயும் போகணும்னு சட்டம் இருக்கும்போது, நடுவுல ஒரு மாசத்தைச் சேக்காம ரெண்டும் சேந்து நடக்கவே நடக்காது.

எசேக்கியா ராஜா பஸ்காவை இரண்டாம் மாசத்துல வச்சாரே (2 நாளாகமம் 30), அது அதிக மாசம் இல்ல. தீட்டுப்பட்டவங்களும் தூரப் பயணம் போனவங்களும் ஒரு மாசம் கழிச்சு 14-ஆம் தேதி பஸ்கா வச்சுக்கலாம்னு எண்ணாகமம் 9-ல ஒரு சலுகை இருக்கு, அதைப் பயன்படுத்திகிட்டார்.

வருஷப்பிறப்பு நிசான்லயா (முதல் மாசம்), திஷ்ரியிலயா (ஏழாம் மாசம்)?

எதுக்கு கேக்கறீங்கங்கறதைப் பொறுத்தது. நமக்கு ஜனவரி 1-ம் உண்டு, ஏப்ரல் 1 நிதியாண்டும் உண்டு, சித்திரை 1-ம் உண்டு, ஜூன்ல ஸ்கூல் வருஷமும் உண்டு, யாரும் குழம்பறதில்லையே. மிஷ்னா நாலு வருஷப்பிறப்பு சொல்லுது. நிசான் 1 ராஜாக்களுக்கும் பண்டிகை வரிசைக்கும், ஏலூல் 1 ஆடுமாடு தசமபாகத்துக்கு, திஷ்ரி 1 வருஷ எண்ணிக்கைக்கும் ஓய்வு வருஷத்துக்கும் யூபிலிக்கும், சேபாத் மாசத்துல மரங்களுக்கு ஒண்ணு. மரத்துக்கு 1-ஆம் தேதின்னு ஷம்மாய் ரபியோட கட்சி, 15-னு ஹில்லேல் ரபியோட கட்சி, ஹில்லேல்தான் ஜெயிச்சது.

பைபிளுக்குள்ளயே ரெண்டும் இருக்கு. யாத்திராகமம் 12:2 "இது உங்களுக்கு வருஷத்தின் முதலாம் மாதமாயிருப்பதாக"ன்னு வசந்தத்தை சொல்லுது. அதே யாத்திராகமம் 23:16 சேர்ப்புக்காலப் பண்டிகையை வருஷ முடிவுல வைக்குது, அது இலையுதிர் காலம். நெகேமியாவுல இன்னொரு வேடிக்கை: 1:1-ல 20-ஆம் வருஷம் கிஸ்லே மாசம், 2:1-ல அதே 20-ஆம் வருஷம் நிசான் மாசம். நிசான்ல வருஷம் மாறினா அது 21 ஆயிருக்கணும்ல? அப்போ நெகேமியா வருஷத்தை திஷ்ரியில இருந்து எண்ணியிருக்கார்னு நிறைய அறிஞர்கள் சொல்றாங்க.

1908-ல இஸ்ரவேல்ல இருக்கற கேசேர்ங்கற பழைய ஊர்ல ஒரு சின்ன சுண்ணாம்புக்கல் பலகை தோண்டி எடுத்தாங்க, கி.மு. 10-ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க, இப்போ இஸ்தான்புல் மியூசியத்துல இருக்கு. அதுல மாசத்துக்கு பேரே கிடையாது, வேலைதான் இருக்கு. ரெண்டு மாசம் சேர்ப்பு, ரெண்டு மாசம் விதைப்பு, ரெண்டு மாசம் பின்விதைப்பு, ஒரு மாசம் சணல் அறுப்பு, ஒரு மாசம் வாற்கோதுமை அறுப்பு, ஒரு மாசம் அறுவடையும் அளவும், ரெண்டு மாசம் திராட்சை, ஒரு மாசம் கோடைப்பழம். கூட்டிப் பாருங்க, 12. ஆரம்பிக்கறது இலையுதிர் காலச் சேர்ப்புல இருந்து.

பண்டிகை தேதியெல்லாம் ஒரே மூச்சுல சொல்ல முடியுமா?

லேவியராகமம் 23 ஒரே அதிகாரத்துல சொல்லிடுது. முதல் மாசம் 14 சாயங்காலம் பஸ்கா, 15-ல இருந்து 21 வரை புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, அந்த வாரத்துல முதற்பலன் கதிர்க்கட்டு, அதுல இருந்து எண்ணி 50-ஆம் நாள் வாரங்களின் பண்டிகை (பெந்தெகொஸ்தே), ஏழாம் மாசம் 1 எக்காளம், 10 பாவநிவாரண நாள், 15-ல இருந்து ஏழு நாள் கூடாரம், 22 எட்டாம் நாள் சபைகூடல். பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் மாச நடுவுல இருக்கறதைக் கவனிங்க, பௌர்ணமி. தெருவிளக்கு இல்லாத காலத்துல ஊர் ஊரா நடந்து வர்ற ஜனத்துக்கு நிலா வெளிச்சம் எவ்வளவு உதவியா இருந்திருக்கும். பூரீம் (ஆதார் 14), பிரதிஷ்டைப் பண்டிகை (கிஸ்லே 25) ரெண்டும் பின்னால சேந்தது. யோவான் 10:22-ல பிரதிஷ்டைப் பண்டிகை, மாரிகாலம்னு வரும்.

பெந்தெகொஸ்தே எப்பவும் ஞாயித்துக்கிழமைதானா?

ரெண்டாயிரம் வருஷச் சண்டை இது. கதிர்க்கட்டை 'ஓய்வுநாளுக்கு மறுநாள்' அசைவாட்டணும்னு இருக்கு. எந்த ஓய்வுநாள்? பண்டிகையோட முதல் நாளே ஓய்வுநாள்தான்னு பரிசேயர்கள் சொல்லி 16-ஆம் தேதியில இருந்து எண்ணினாங்க, கிழமை எதுவா வேணா இருக்கலாம். இல்ல, சனிக்கிழமைன்னுதான் அர்த்தம்னு போயெத்தூசியர்கள், அவங்களுக்கு 50-ஆம் நாள் எப்பவும் ஞாயிறு. பாறைக்கு நடுவுல பதுங்கின நிலாக் கதை இந்த சண்டையில வந்ததுதான். இன்னைக்கு யூதர்கள் சீவான் 6-னு வச்சிருக்காங்க. கராயீம்னு ஒரு யூதப் பிரிவும் சமாரியர்களும் ஞாயிறுதான்.

சவக்கடல் சுருள்ல வேற காலண்டர் இருக்காமே?

இருக்கு. சவக்கடல் ஓரமா கும்ரான்ல வாழ்ந்த யூதக் குழு, அந்தச் சுருளோட சேத்துப் பேசப்படறவங்க, 364 நாள் வருஷம் வச்சிருந்தாங்க. 364-ஐ 7-ஆல வகுத்தா மிச்சமே இல்லாம 52 வாரம், அதனால ஒவ்வொரு பண்டிகையும் எல்லா வருஷமும் ஒரே கிழமையில விழும். வருஷம் எப்பவும் புதன்கிழமை பொறக்கும், ஏன்னா ஆதியாகமத்துல சூரியனும் சந்திரனும் உண்டானது நாலாம் நாள். பாவநிவாரண நாள் எப்பவும் வெள்ளி. பாக்க அழகா இருக்கு, ஆனா வருஷத்துக்கு ஒண்ணேகால் நாள் குறையுதே, 30 வருஷத்துல ஒரு மாசத்துக்கு மேல தள்ளிப் போய்டும். எருசலேம்காரங்களுக்கும் இவங்களுக்கும் பண்டிகையே வேற வேற நாள். ஆபகூக் விளக்கச் சுருள்ல, இவங்க பாவநிவாரண நாளுக்கு உபவாசமா உக்காந்திருக்கும்போது 'பொல்லாத ஆசாரியன்' வந்து இவங்க குருவைத் தொந்தரவு பண்ணினான்னு எழுதியிருக்கு. அவனுக்கு அன்னைக்கு சாதாரண நாளா இருந்திருந்தாத்தானே வந்திருப்பான்!

இப்போ யூதர்கள் பிறை பாத்துதான் மாசம் வைக்கறாங்களா?

இல்ல, இப்போ முழுக்க கணக்கு. பாரம்பரியமா இது ரெண்டாம் ஹில்லேல்ங்கற யூதத் தலைவர் கி.பி. 358-359 வாக்குல வெளியிட்டதுன்னு சொல்வாங்க, ஆனா கி.பி. 921-922-ல கூட பாபிலோன் பக்கம் சாதியாங்கற ரபி ஒரு தேதியும் பாலஸ்தீனத்துல பென் மேயிர்ங்கற ரபி வேற தேதியும் சொல்லி பஸ்காவே ரெண்டாப் பிரிஞ்சு நின்னுச்சு, அதனால மெல்ல மெல்ல உருவானதுன்னு எடுத்துக்கறதுதான் சரின்னு எனக்குப் படுது.

கணக்கு இதுதான்: சராசரி மாசம் 29 நாள் 12 மணி 793 பங்கு, ஒரு மணி நேரத்துக்கு 1080 பங்கு. 19 வருஷத்துல 235 மாசம், அதுல 3, 6, 8, 11, 14, 17, 19 இந்த ஏழு வருஷத்துக்கும் 13 மாசம். 235 மாசத்தையும் 19 சூரிய வருஷத்தையும் நாளாக்கிப் பாத்தா வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தான். மேல ஒரு விதி, திஷ்ரி 1 ஞாயிறு, புதன், வெள்ளி இந்தக் கிழமையில வரக்கூடாது. புதன் வந்தா பாவநிவாரண நாள் வெள்ளியில விழும், வெள்ளி வந்தா ஞாயித்துல விழும், ஓய்வுநாளோட ஒட்டி ரெண்டு நாள் சமைக்கவும் முடியாது அடக்கம் பண்ணவும் முடியாது. இதுக்காக ஹெஷ்வான், கிஸ்லே ரெண்டு மாசத்துல ஒரு நாளைக் கூட்டிக் குறைச்சு சரிக்கட்டுவாங்க. கராயீம்ல சிலர் மட்டும் இன்னமும் இஸ்ரவேல்ல பிறையும் பாக்கறாங்க, வாற்கோதுமையும் தேடிப் போறாங்க.

அப்போ அந்த அக்கா கேள்விக்கு பதில்?

ஈஸ்டருக்கு சபை தனிக் கணக்கு வச்சிருக்கு, மார்ச் 21-லயோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு. 2024-ல மார்ச் 25 பௌர்ணமி, 31 ஈஸ்டர். யூதக் கணக்குல அது 5784, 19 வருஷ சுத்துல எட்டாவது, ரெண்டு ஆதார் வர்ற வருஷம், அதனால நிசான் ஒரு பௌர்ணமி தள்ளிப் போச்சு. தப்பு நடந்துடல, ரெண்டு பேர் ரெண்டு கணக்கு. 2005, 2008, 2016-லயும் இப்படித்தான் ஆச்சு, 2027-லயும் ஆகும்: ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 21 சாயங்காலம்.

இயேசுவை சிலுவையில அறைஞ்ச அன்னைக்கு வந்ததா பைபிள் சொல்ற இருட்டு சூரிய கிரகணமா?

பஸ்கா பௌர்ணமியில. சூரிய கிரகணம் அமாவாசையில மட்டும்தான் வரும். அதனால கிரகணம் இல்ல.

வீட்டு மொட்டை மாடியில இருந்து நாமே பிறை பாத்து பைபிள் மாசம் கணக்கு வச்சுக்கலாமா?

பாக்கலாம், ஆனா எருசலேம்ல சூரியன் மறையறது நமக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் கழிச்சு, அதுக்குள்ள நிலா இன்னும் கொஞ்சம் விலகியிருக்கும், நமக்குத் தெரியாத பிறை அங்க தெரியலாம். நான் ஒரு தடவை முயற்சி பண்ணேன், அமாவாசைக்கு மறுநாள், ஆறரை மணி, பக்கத்து வீட்டு வாட்டர் டேங்குக்கும் தென்னைமரத்துக்கும் நடுவுல கண்ணு வலிக்க வலிக்கப் பாத்துகிட்டே இருந்தேன், ஒண்ணுமே இல்ல. துணி எடுக்க மேல வந்த எங்கம்மா சும்மா ஒரு பார்வை பாத்துட்டு "அந்தா நிக்குதுல்ல, நகத்தால கீறின மாதிரி"ன்னாங்க. அவங்க விரல் போன பக்கம் பாத்தும் எனக்கு ரெண்டு நிமிஷம் பிடிபடல. பிடிபட்ட கொஞ்ச நேரத்துல தென்னை ஓலைக்குப் பின்னாடி இறங்கிடுச்சு. சரி, ரெண்டு சாட்சி ஆச்சுன்னேன். மிஷ்னா கணக்குல பொம்பளைங்க சாட்சி செல்லாதுன்னு சொன்னதும் அம்மா துணிக்கூடையை என் கையில குடுத்துட்டு, "அப்போ நீ ஒருத்தனாவே மாசத்தைப் பொறக்க வச்சுக்கோ"ன்னு கீழ போய்ட்டாங்க.